காது இரைச்சலுக்கு நாற்பத்தெட்டு நாள்

போன கிழமை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில், கனடாவில் இருக்கும் சித்தப்பா ஒரு வைத்தியக் குறிப்பை அனுப்பியிருந்தார். உங்களுக்கும் இப்படி நாளுக்கு நாலு வரும். வாசிக்காமலே ஒரு கும்பிடு போட்டுவிட்டு விலகுகிற ஆள்தான் நானும். அன்றைக்கு ஏனோ வாசித்தேன். ‘காது இரைச்சலா? சித்தர்கள் மறைத்து வைத்த ரகசியம்! ஏழு பல் பூண்டை நல்லெண்ணெயில் வாட்டி எடுக்கவும். எட்டாவது பல் சேர்ந்தால் பலன் கெடும். சூரிய உதயத்துக்கு முன் கிழக்கு முகமாக இருந்து, வீட்டுப் பிள்ளையின் கையால் இளஞ்சூட்டில் மூன்று துளி காதில் விடவும். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், இடைவிடாமல் செய்யவும்.’

தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு இரண்டாம் தரமும் வாசித்தேன். உள்ளி என்று இருந்ததை யாரோ பூண்டு என்று மாற்றியிருக்கிறார்கள். மற்றபடி ஒரு சொல்லும் மாறவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதை எழுதினவன் நான். சித்தர் ஒருவரும் பக்கத்தில் நிற்கவில்லை.

மனைவியிடம் காட்டினேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. “உங்களுக்கு உலகத்தில இருக்கிறதெல்லாம் நீங்கள்தான் எழுதினதெண்ட நினைப்பு,” என்றாள். அவளிலும் பிழையில்லை. கலியாணம் பேசி வந்தபோது, நான் லண்டனில் பத்திரிகையாளன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தேன். வந்து பார்த்தால் மாப்பிள்ளை பெற்றோல் ஸ்டேஷனில் நிற்கிறார். இருபது வருடமாக அதற்கு வட்டியும் முதலுமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் பத்திரிகை என்று ஒன்று இருந்தது உண்மை. தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இரண்டு சின்ன அறைகள். மாதம் ஒரு தரம் வரும், இலவசம். கடை வாசல்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். பாதி வாசிப்புக்கு, பாதி மீன் சுற்ற. ஆசிரியர், நான், ஒரு பழைய கம்பியூட்டர், அவ்வளவுதான் அலுவலகம். பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிய ஓடிப்போய் அங்கே உட்காருவேன். படிக்கட்டில் ஏறும்போதே கருவாடும் கறித்தூளும் ஈரப் பேப்பரும் கலந்து ஒரு மணம் வரும். இன்றைக்கும் எந்தத் தமிழ்க் கடைக்குள் கால் வைத்தாலும் என் கை பேனாவைத் தேடுகிறது.

அங்கே நான் எழுதாதது இல்லை. இராசிபலன் எழுதினேன். நான் கும்பம், அதனால் இரண்டு வருடமாகக் கும்ப இராசிக்காரருக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை. சமையல் குறிப்பு எழுதினேன், அப்போது எனக்கு முட்டை பொரிக்க மட்டும்தான் தெரியும். வாசகர் கடிதங்களும் நானே எழுதினேன். அதில் ஒரு கடிதம் என்னைக் கொஞ்சம் கடுமையாகவே கண்டித்திருந்தது, நடுநிலைமைக்காக.

ஒரு தை மாத இதழ் அச்சுக்குப் போகிற நாளன்று, சாறிக் கடைக்காரர் ஒருவர் ஆசிரியரோடு ஏதோ கொழுவிக்கொண்டு விளம்பரத்தை நிற்பாட்டிவிட்டார். அரைப்பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

“தம்பி, ஏதாவது வைத்தியம் கியித்தியம் எழுதி நிரப்பும். எங்கடை சனம் வைத்தியமெண்டால் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கும்,” என்றார் ஆசிரியர். சொல்லிவிட்டு ஹொட்பிளேட்டில் இரசத்துக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

கீழே கடையின் ஃப்ரீசர் உய்யென்று இரைந்துகொண்டிருந்தது. சரி, காது இரைச்சல் என்று தலைப்புப் போட்டேன். மேசையில் இரசத்துக்கு எடுத்து வைத்த உள்ளி கிடந்தது. எண்ணினேன், ஏழு பல். எட்டாவது ஏன் ஆகாது என்று கேட்காதீர்கள், மேசையில் எட்டாவது இல்லை. காது வலித்தால் ஊரில் உள்ளி வாட்டின எண்ணெய் விடுவார்கள் என்பது மட்டும் எனக்கு அரைகுறையாகத் தெரியும். அது காது இரைச்சலுக்கு ஆகுமா, ஆகாதா, உள்ளே ஓட்டை இருந்தால் என்ன நடக்கும், ஒன்றும் தெரியாது. பக்கம் இன்னும் நிரம்பவில்லை. அப்போது கிழக்கு முகம் வந்தது. சூரிய உதயம் வந்தது. வீட்டுப் பிள்ளையின் கை வந்தது. அது வந்தபோது எனக்கே புல்லரித்தது, நல்லாயிருக்கிறதே என்று. நாட்டு வைத்தியம் என்றால் ஒரு மண்டலம் இல்லாமல் முடியுமா? நாற்பத்தெட்டு நாள் என்று எழுதி, ‘இடைவிடாமல்’ என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டேன். கீழே வைத்தியர் சின்னத்துரை என்று ஒரு பெயர். எங்கள் ஊரில் சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப்போட்ட மனுசனின் பெயர் அது. படத்துக்கு ஆசிரியரின் மாமனாருடைய பாஸ்போர்ட் படம் உதவியது.

இதுவரைக்கும் சொன்னதைச் சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். சபைகளில் இதை இந்த இடத்தோடு நிறுத்திவிடுவதும் என் பழக்கம். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மிச்சத்தை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

இராஜேஸ் அக்கா என்று ஒருவர் கடைக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் இருந்தார். புருசன் ஊரில் செத்துப்போனார். பத்து வயது மகள் மயூரியோடு தனியாக இருந்தார். விடிய நாலு மணி பஸ் பிடித்துப் போய் நகரத்துக் கந்தோர்களை, ஆட்கள் வேலைக்கு வருமுன் கூட்டித் துடைப்பது அவருடைய வேலை. எங்கள் பத்திரிகையை மரண அறிவித்தல் முதல் அச்சகத்தின் விலாசம் வரை ஒரு வரி விடாமல் வாசிக்கிற ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன். மாதம் பிறந்தால் ஒரு பெட்டியில் மட்டன் ரோல்ஸோடு படியேறி வருவார். “உம்மடை எழுத்தில ஒரு உண்மை இருக்கு தம்பி,” என்பார். எனக்குத் தலைகால் தெரியாது.

அந்தத் தை மாதம் வெறும் பெட்டியோடு வந்தார். நான் தனியாக இருந்தேன்.

“தம்பி, திங்கக்கிழமை எழும்பேக்கை இடது காது அடைச்சுக் கிடந்தது. அண்டையிலயிருந்து ஒரே இரைச்சல். ரயில் நிண்ட மாதிரியும் இருக்கு, ஓடுற மாதிரியும் இருக்கு. எனக்கெண்டே எழுதின மாதிரி உங்கடை பேப்பரில அது வந்திருக்கு பாரும். கடவுள்தான் காட்டினவர். இண்டைக்கு அஞ்சாம் நாள். குறையிற மாதிரித் தெரியேல்லை. வைத்தியரிட்டை ஒருக்காக் கேட்டுச் சொல்லுமன்.”

பாருங்கள், அந்த நிமிடத்தில் எனக்கு வாயைத் திறக்க ஒரு வசனம் போதும். அக்கா, வைத்தியரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, நான் இடத்தை நிரப்ப எழுதினது, வாங்கோ டொக்டரிட்டைப் போவம். இவ்வளவுதான். சொல்லியிருந்தால் அக்கா என்னைத் திட்டியிருப்பார், அல்லது சிரித்திருப்பார். உம்மடை எழுத்தில உண்மை இருக்கு என்று பிறகு சொல்லியிருக்க மாட்டார். அந்த ஒன்றுக்காகத்தான் நான் ரிசீவரைத் தூக்கினேன்.

எந்த நம்பருக்கு அடிப்பது? நேரம் சொல்லும் நம்பருக்கு அடித்தேன். அந்தப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குரல் மணி, நிமிடம், விநாடி என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தது. இந்தப் பக்கத்தில் நான், “ஓம் ஐயா. இடது காது. ஓம் ஐயா, அஞ்சு நாள். சரி ஐயா, சொல்லுறன்,” என்று தலையாட்டினேன். அக்கா கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார், போனில் இருக்கிற பெரிய மனுசருக்காக.

“என்ன சொன்னவர் தம்பி?”

“பயப்பிட ஒண்டுமில்லையாம் அக்கா. மண்டலம் முடியவேணுமாம். இடையில விடக்கூடாதாம்.”

அவர் முகம் மலர்ந்து படியிறங்கிப் போனார். அடுத்த முறை ரோல்ஸ் வந்தது. நான் தின்றேன்.

பிறகு என்ன நடந்தது என்பதை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நாலு மணி பஸ்ஸுக்குப் போகிறவர் சூரிய உதயத்துக்கு முன் எண்ணெய் விடுவதென்றால், மூன்றரைக்கு எழும்ப வேண்டும். வீட்டுப் பிள்ளையின் கையால் விடுவதென்றால், அந்தப் பிள்ளையும் மூன்றரைக்கு எழும்ப வேண்டும். மாசிக் குளிரில் பத்து வயதுப் பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பி, குசினி அடுப்படியில் கிழக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து, தாயின் காதில் மூன்று துளி எண்ணிவிட்டு மறுபடி போய்ப் படுக்கும். அந்த வீட்டுக்குள் போனால் திரைச்சேலை எல்லாம் உள்ளி மணக்கும். பள்ளிக்கூடத்தில் மயூரியின் கையை மணந்து பார்த்துப் பிள்ளைகள் பகிடி பண்ணினார்களாம். அக்கா இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன்.

முப்பத்தாறாம் நாள் வேலைத்தலத்தில் தலை சுற்றி விழப் பார்த்தார். இடப்பக்கம் நின்று கூப்பிட்டது ஒன்றும் இவருக்குக் கேட்கவில்லை என்பதைச் சூப்பர்வைசர் பெண்தான் கண்டுபிடித்து, டொக்டரிடம் போகாமல் வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டார். டொக்டர் உடனே ஆஸ்பத்திரிக்கு எழுதினார். ஆஸ்பத்திரிக்கு ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும். யாரைக் கூப்பிடுவார்? “உம்மை விட்டால் எனக்கு ஆர் தம்பி?” என்றார்.

காது டொக்டர் ஒரு இளம் பெண். நல்ல பொறுமைசாலி. அக்காவைச் சத்தம் புகாத அறைக்குள் இருத்தி எல்லாம் சோதித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார், இப்படித் திடீரென்று ஒரு காது அடைத்து இரைந்தால் அது அவசரம், முதல் சில நாளிலேயே வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது, இப்போது ஐந்து கிழமைக்கு மேலாகிவிட்டது, இனி நம்பிக்கை குறைவு. சொல்லிவிட்டு, ஏன் இவ்வளவு நாள் பிந்தினார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா என்றார்.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்னவாம்?”

“நரம்பு பழுதாப் போச்சுதாம் அக்கா. இனிச் செய்ய ஏலாதாம்,” என்றேன். முதல் சில நாள் என்பதை நான் சொல்லவில்லை. எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன், அது மறதி இல்லை. தெரிந்துகொண்டே அதைத் தாண்டி டொக்டரின் கேள்விக்குப் போனேன். “ஏன் பிந்தினதெண்டு கேக்கிறா.”

அக்கா தலையைக் குனிந்தார். “நான்தான் ஒழுங்காச் செய்யேல்லை எண்டு சொல்லும். இடையில சில நாள் விடுபட்டுப் போச்சு. வைத்தியர் தெளிவாச் சொன்னவர், நான்தான் கேக்கேல்லை.”

நான் டொக்டரைப் பார்த்து, வேலையில் லீவு கிடைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா யன்னல் ஓரம் இருந்தார். நான் போய் அவருடைய இடப்பக்கத்தில் இருந்தேன். வேண்டுமென்றுதான் இருந்தேன். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று புறப்பட்டபோது, முன் சீற்றைப் பார்த்துக்கொண்டு, “அக்கா, அந்த வைத்தியர் நான்தான்,” என்றேன். சத்தமாக இல்லை. சற்று நேரத்துக்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பி, “ஏதும் சொன்னனீரே?” என்று கேட்டார். மழை வரப்போகுது எண்டன் அக்கா, என்றேன். இப்படியும் ஒரு மனுசன் இருப்பானா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தான். அன்றிரவு வீட்டுக்குப் போய், எப்படியோ நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு படுத்தும் இருக்கிறான்.

பிறகு பத்திரிகை நின்றது. ஆசிரியர் போய்ச் சேர்ந்தார். கடை இருந்த இடத்தில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். இராஜேஸ் அக்கா மகளோடு கிங்ஸ்பரிக்கு மாறினார். மயூரி படித்து, கவுன்சிலில் வேலை எடுத்து, கலியாணமும் கட்டினாள். எந்த விசேசத்துக்கும் எனக்கு அழைப்பு வரும். அக்கா என்னைக் கண்டதும் கதிரையைத் தன் வலப்பக்கம் இழுத்துப் போட்டு, “இதில இரும் தம்பி, இந்தப் பக்கம்தான் கேக்கும்,” என்பார். பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு, “இவர்தான் அந்த நாளில என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு திரிஞ்சவர்,” என்று அறிமுகம் செய்வார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்தால் போதும் என்றிருக்கும். ஆனால் பூமி பிளக்காது. வடை வரும், எடுத்துத் தின்பேன்.

போன வருடம் அக்கா இறந்துபோனார், மாரடைப்பில். காதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தகனம் முடிந்து எல்லாரும் மண்டபத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது, மயூரி என்னை ஒரு மூலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

“மாமா, இதை நான் என்ர ஹஸ்பண்டுக்குக்கூடச் சொன்னதில்லை. அம்மாவின்ர காது என்னாலதான் போனது. நாப்பத்தெட்டு நாள் எண்ணெய் விடவேணும், இடையில விடக்கூடாது எண்டு சொல்லியிருந்தது. எனக்குக் குளிர். அம்மா எழுப்பேக்கை நித்திரை மாதிரிக் கிடப்பன். அம்மா பாவம் பாத்து விட்டிட்டுப் போயிடுவா. ஒன்பது நாள், மாமா. நான் எண்ணி வச்சிருக்கிறன்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? “சீச்சீ, அப்பிடியெல்லாம் யோசிக்காதை பிள்ளை,” என்று அவள் தலையைத் தடவிவிட்டு, என் கோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த எல்லாவற்றிலும் கேவலமானது, ரிசீவரைத் தூக்கியதல்ல. இதுதான்.

அந்த வருடம் முழுக்க அந்த ஒன்பது நாள் என்னோடு இருந்தது. அப்படி இருக்கும்போதுதான் போன கிழமை சித்தப்பாவின் குறிப்பு வந்தது. குழுவில், இது பிழை, ஒருவரும் செய்யவேண்டாம், காது திடீரென்று அடைத்து இரைந்தால் அன்றைக்கே டொக்டரிடம் போங்கள் என்று எழுதினேன். மூன்று பேர் கும்பிடு போட்டார்கள். ஒரு மச்சாள், சித்தர்களைப் பழிக்காதீர்கள் என்று கோபித்துக்கொண்டாள். அதே நாளில் வேறு ஒருவர் அந்தக் குறிப்பை மறுபடியும் அனுப்பினார். ‘வீட்டுப் பிள்ளையின் கையால்’ என்ற வரியைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருக்கை கொள்ளவில்லை. சனிக்கிழமை கிங்ஸ்பரிக்குப் போனேன்.

மயூரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குடிக்கும் முன் சொல்லிவிட வேண்டும் என்று போனை எடுத்துக் குறிப்பைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அரைப்பக்கம், ஏழு பல், சைக்கிள் கடைச் சின்னத்துரை, எல்லாம்.

“ஆனால் நீங்கள் வைத்தியரிட்டைப் போனில கேட்டுச் சொன்னனீங்கள் எண்டு அம்மா சொன்னவவே?”

“நான் நேரம் சொல்லுற நம்பருக்கு அடிச்சனான்.”

நான் விடாமல், ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்ன முதல் சில நாள் கதையையும் சொன்னேன். அம்மாவுக்கு அதை நான் மொழிபெயர்க்கவில்லை என்பதையும் சொன்னேன்.

“அப்ப, நான் அந்த ஒன்பது நாளும் எழும்பியிருந்தாலும்?”

“ஒண்டும் நடந்திருக்காது பிள்ளை. உன்னிலை ஒரு பிழையும் இல்லை. அம்மாவிலயும் இல்லை.”

தன் கைகளை விரித்துப் பார்த்தாள். பிறகு, “என்ர வெடிங் அண்டைக்கு அம்மாவின்ர இடப்பக்கம் நிண்டு தாங்க்யூ சொன்னனான். அவவுக்குக் கேக்கேல்லை. நான் திருப்பிச் சொல்லேல்லை. எனக்கு இதுதான் தண்டனை எண்டு நினைச்சன்,” என்றாள். அழவில்லை. எழும்பிப் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். தேத்தண்ணி அப்படியே இருந்தது. மன்னிச்சுக்கொள் என்று நான் சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது நிச்சயமில்லை.

நேற்று அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ‘அம்மாவின் ஆண்டுத்திவசம் வாற ஞாயிறு. பதினொரு மணி. வாறதெண்டால் வாங்கோ.’ நல்ல பிள்ளை, அக்கா வளர்த்த பிள்ளை. பெரிய உபகாரம் என்று பதில் எழுதப் போனபோதுதான் முந்திய செய்திகள் கண்ணில் பட்டன. மாமா, ஹாப்பி நியூ இயர். மாமா, அம்மாவுக்குக் காய்ச்சல், பயப்பிட வேண்டாம். மாமா, பிறந்தநாளுக்கு மாமியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. மேலே தள்ளித் தள்ளி வருடக்கணக்காகப் பார்த்தேன், ஒரு செய்தியும் அந்தச் சொல் இல்லாமல் தொடங்கவில்லை. நேற்று வந்ததை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அதில் மாமா இல்லை.